கம்ப்யூட்டருக்கு எதுக்கு ஊறுகாய்

அக்கா, அந்தக் கூடையை இப்படிக் குடுங்க, என் மடியில வெச்சுக்கிறேன். காலிக் கூடைதானே, கனமா என்ன. கருவாட்டு வாசமெல்லாம் எனக்குப் பழக்கம்தான், எங்க ஹாஸ்டல் மெஸ்ஸை விட இது தேவலாம். எல்லாம் வித்துட்டுத் திரும்புறீங்களா? பேராவூரணியா? அப்ப எனக்கு அப்புறம்தான் இறங்குவீங்க. நல்லதாப் போச்சு. நான் கீரமங்கலம் தாண்டி மூணாவது ஸ்டாப்பிங். கைகாட்டின்னு சொல்லுவாங்களாமே, அங்க.

ஒண்ணு சொல்றேன், கேட்டா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பீங்க. இப்ப இல்ல. இப்பவே சொல்லிட்டா ஆலங்குடி வர்றதுக்குள்ள தீர்ந்துடும். சிரிப்பு கடைசியில இருக்கு. அதுவரைக்கும் நீங்க ‘ம்’ கொட்டிக்கிட்டு வரணும், அவ்வளவுதான்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல கண்டக்டர் டீ கிளாஸோட வண்டி பின்னாடியே ஓடி வந்தாரே, பார்த்தீங்களா? அவர் ஏறாமலே டிரைவர் வண்டியை எடுத்துட்டார்னு அவ்வளவு கத்துனாரே? “போலாம் ரைட்!” அது யாரு சொன்னதுன்னு நினைக்கிறீங்க? நான்தான். உஷ். திரும்பிப் பார்க்காதீங்க.

எனக்கு அப்படி, அக்கா. ஒரு குரலை ரெண்டு தரம் கேட்டாப் போதும், தொண்டையில வந்து உட்கார்ந்துக்கும். எங்க பிரின்சிபால் வேணுமா? “மாணவியரே... ஒழுக்கம்... என்பது... காலணியிலிருந்து... தொடங்குகிறது.” வார்டன் கோமளவல்லி வேணுமா? “யாருடி அது ஹீட்டர் போட்டது! கரண்டு பில்லு உங்கப்பனா கட்டுவான்!” எங்க அத்தை வேணுமா? “வாம்மா செம்மலர்... எப்ப காலேஜ் திறக்குது?” இது வாசல்லயே கேட்பாங்க, நான் செருப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடி. அதனால மாமா வீட்டுக்கு நான் போறதில்ல. போக முடியாதுன்னு இல்ல. போறதில்ல.

செம்மலர் என் பேரு. பாலிடெக்னிக்ல கம்ப்யூட்டர் டிப்ளமோ, மூணாவது வருஷம். அம்மா குவைத்துல ஒரு வீட்டுல வேலை. வெள்ளிக்கிழமை ஃபோன் பண்ணுவாங்க. அவங்க குரல்லயே அவங்களுக்குப் பேசிக் காட்டுவேன், “மலரு, தலைக்கு எண்ணெய் வெச்சியா?” முதல்ல சிரிப்பாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் பேச மாட்டாங்க. சிக்னல் சரியில்ல அங்க.

ஹாஸ்டல்ல எனக்கு ரொம்ப மவுசு. இருந்துச்சு. பெனிட்டான்னு ஒருத்தி என் ரூம்ல. ஜெகதாப்பட்டினம், அப்பா கடலுக்குப் போறவரு. ஒருநாள் மத்தியானம் நான் மாடிப்படிக்குக் கீழ நின்னு வார்டன் குரல்ல ஒரு சத்தம் விட்டேன், “பெனிட்டா! உங்கப்பா வந்திருக்காரு, கேட்டுக்கு வா!” செருப்புகூட போடாம ஓடுனா அக்கா, பாதி பின்னின சடையோட. கேட்டுல யாரும் இல்ல. வராண்டாவே சிரிச்சுச்சு. ஒரு ரெண்டு நிமிஷம் சிரிச்சுச்சு. அவ மட்டும் சிரிக்கல. சேர்ந்ததுலேர்ந்து அவங்கப்பா ஒருதரமும் வந்ததில்லையாம். அது எனக்கு எப்படித் தெரியும்? அன்னிக்கே ரூம் மாத்திக்கிட்டா. அவளோட மத்த ரெண்டு பேரும் போயிட்டாங்க. சிலருக்கு விளையாட்டை விளையாட்டா எடுத்துக்கத் தெரியாது, என்ன பண்றது.

எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. ஒரு ரூம், நாலு கட்டில், நான் மட்டும். ராஜபோகம். சாயங்காலம் காலேஜ் விட்டு வந்ததும் நாலு பேர் குரல்லயும் நானே பேசிக்குவேன். சண்டைகூட போட்டுக்குவோம். அதுல நான் ஒருதரமும் ஜெயிச்சதில்ல.

இருங்க, இருங்க. சிரிப்புக்கு இன்னும் வரல. இப்பத்தான் புரோகிராமுக்கு வர்றேன்.

எங்களுக்கு ஒரு புராஜெக்ட் பண்ணணும். கம்ப்யூட்டர்ல ஓடுற மாதிரி ஏதாவது ஒரு அப்ளிகேஷன். மத்தவளுங்க எல்லாம் நாலு பேராச் சேர்ந்து பண்ணாங்க. நான் தனியா. நான்தான் தனியாப் பண்றேன்னு சொன்னேன். சொல்லல, தனியாப் பண்றியான்னு கேட்டாங்க, சரின்னேன். அதுக்கு ஒரு டூல்கிட் இருக்கு அக்கா. எப்படிச் சொல்றது, ஆசாரி பை மாதிரி வெச்சுக்கங்களேன். ஜன்னலு, பட்டனு, எழுதுற கட்டம், எல்லாம் அதுல தயாரா இருக்கும். நாம எடுத்துப் பூட்டுனாப் போதும். அதுல விசேஷம் என்னன்னா, கம்ப்யூட்டர்ல பல சாதி இருக்கு. விண்டோஸ்னு ஒண்ணு, லினக்ஸ்னு ஒண்ணு, காசு உள்ளவங்க வெச்சிருக்கிற மேக்னு ஒண்ணு. ஒண்ணுல ஓடுறது இன்னொண்ணுல ஓடாது. ஆனா இந்த டூல்கிட்ல செஞ்சா ஒரே தரம் எழுதினாப் போதும், எல்லாத்துலயும் ஓடும். சும்மா ஓடுறது மட்டுமில்ல. விண்டோஸ்ல போட்டா அதோட பட்டன் விண்டோஸ் பட்டன் மாதிரியே மூஞ்சியை வெச்சுக்கும். லினக்ஸ்ல போட்டா அங்கயே பொறந்து வளர்ந்த மாதிரி நிக்கும். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ப் பேச்சு. பார்த்ததுமே, அடடா, இது நம்ம ஜாதின்னு எனக்குப் பிடிச்சுப் போச்சு.

எங்க காலேஜ்ல ரெண்டு லேப். கீழ லினக்ஸ் லேப், மாடியில விண்டோஸ் லேப். கீழ் லேப்புக்கு இன்சார்ஜ் தில்லைநாயகி மேடம். பாடம் எடுக்கிறவங்க இல்ல. சாவி, ரிஜிஸ்டர், மவுஸ் காணாமப் போனா திட்டறது, அந்த வேலை. “ஏய், செருப்பை வெளிய விடு! ஐடி கார்டு எங்க? கீபோர்டுல யாரு முறுக்குத் தின்னது?” எப்படி, கரகரன்னு இருக்கா? அதே குரல்தான். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போவாங்க, மேடம் மட்டும் லேப்பை விட்டுப் போகக் கூடாதுன்னு அங்கயே உட்கார்ந்து டப்பாவைத் திறப்பாங்க. தனியா. பார்த்தாப் பாவமா இருக்கும். சொந்த ஊர் இந்தப் பக்கம், புதுக்கோட்டையில ஒரு ரூம் எடுத்து இருந்தாங்க. ஊர் வீட்டுல ஒரு பூனையும் ஒரு தையல் மெஷினும் மட்டும்தானாம். யாரு சொன்னாங்களா? அவங்கதான் சொன்னாங்க. என்கிட்ட இல்ல. அதுக்குத்தான் வர்றேன்.

என் புரோகிராம் பேரு வித்தகி. கேள்வி கேட்டா வாயைத் திறந்து பதில் சொல்லும். அப்படித்தான் புராஜெக்ட் தாள்ல எழுதிக் குடுத்தேன். ஜன்னல் சூப்பரா வந்துச்சு, ‘பேசு’ன்னு பச்சைப் பட்டன், மைக் படம், எல்லாம். ஆனா பதில் சொல்ற மூளையை எனக்குச் செய்யத் தெரியல. பத்து நாள் மண்டையை உடைச்சுக்கிட்டேன். அப்புறம் தோணுச்சு, மூளை எதுக்கு, அதான் நான் இருக்கேனே? கீழ மேடம் பட்டனை அழுத்திப் பேசுனா அந்தச் சத்தம் லேப் ஒயர் வழியா மாடிக்கு வரும். மாடியில ஹெட்போன் மாட்டிக்கிட்டு நான் உட்கார்ந்திருப்பேன். நான் பதில் சொன்னா கீழ வித்தகி பேசுன மாதிரி கேக்கும். குரல்? பழைய ரேடியோவுல செய்தி வாசிக்கிற அம்மா குரல், அதுல கொஞ்சம் ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பைக் கலந்து. “வணக்கம். நான் வித்தகி. தங்கள் ஐயத்தைத் தெரிவியுங்கள்.”

பென்டிரைவ்ல போட்டு மேடம்கிட்ட குடுத்தேன். “மேடம், சோதனை பண்ணிப் பார்த்துச் சொல்லுங்க, சும்மா மத்தியானத்துல பேசிப் பாருங்க.” “வெச்சுட்டுப் போ, கையில என்ன மருதாணியா மையா, துடைச்சுட்டுத் தொடு”ன்னாங்க. மாடிக்கு ஓடுனேன்.

முதல் நாள். மேடம் குரல் வந்துச்சு, “பிரிண்டர்ல பேப்பர் சிக்கிக்கிச்சு. என்ன பண்ணலாம்?” நான் சொன்னேன், “பின்புறக் கதவைத் திறந்து, தாளை மெதுவாக உருவவும்.” கீழ ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. லைன் போச்சுன்னு நினைச்சேன். நாற்காலி கிறீச்சுன்னு பின்னாடி நகர்ந்துச்சு. அப்புறம் மேடம் மெதுவா, “ம்... நல்லாத்தான் பேசுது. யாரு செஞ்சது உன்னை?” “செம்மலர் என்னும் மாணவி.” “ரொம்பக் கெட்டிக்காரியோ?” “மிகவும் கெட்டிக்காரி.” மேடம் சிரிச்சாங்க அக்கா. அவங்க சிரிச்சு அந்தக் காலேஜ்ல யாரும் பார்த்ததில்ல. நான் வாயைப் பொத்திக்கிட்டு மேஜைக்கு அடியில உருண்டேன். விழுந்துட்டாங்க! முழுசா விழுந்துட்டாங்க!

ஒரே ஒரு நாள் விளையாட்டுன்னுதான் நினைச்சேன். மறுநாளும் ஒரு மணிக்கு மேடம் பட்டனை அழுத்தினாங்க. அதுக்கு மறுநாளும். பிரிண்டர் கதையெல்லாம் ஒரு வாரத்துல முடிஞ்சு போச்சு. “இன்னிக்கு என்ன வெயில் பார்த்தியா வித்தகி.” “இந்தப் பிரின்சிபால் பேசி முடிக்கிறதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சுடலாம்.” நான் உடனே பிரின்சிபால் குரல்ல, “மாணவியரே... தூக்கம்... என்பது...” மேடத்துக்குப் புரையேறிப் போச்சு. புரோகிராம் எப்படி பிரின்சிபால் மாதிரி பேசும்னு ஒரு சந்தேகம் வரணுமா வேண்டாமா? வரல. அவ்வளவு வெள்ளந்தி.

ஒருநாள் கேட்டாங்க, “நீ சாப்டியா?”

புரோகிராமைப் பார்த்து, அக்கா! சாப்டியான்னு!

எனக்குச் சிரிப்பை அடக்கவே முடியல. அப்புறம் சொன்னேன், “நான் மின்சாரம் உண்பவள்.” மேடம் சொல்றாங்க, “மின்சாரம் மட்டும் பத்துமா, வளர்ற புள்ளைக்கு?” புரோகிராம் வளருமாம். நான் மத்தியானம் மெஸ்ஸுக்குப் போறதை விட்டே ரெண்டு வாரம் ஆகியிருந்துச்சு, போனா வித்தகி வேலை கெட்டுப் போகுமே. தனியா ஒரு மேஜையில உட்கார்ந்து சாப்பிடறதுக்கு இது எவ்வளவோ மேல்.

சிரிக்கிறீங்க பார்த்தீங்களா? இது ஒண்ணுமில்ல. ஆயுத பூஜைக்கு வாங்க.

ஆயுத பூஜைக்கு நாலு நாள் லீவு. ஹாஸ்டல் காலி. வார்டன் என் ஒருத்திக்காக மெஸ் நடத்த முடியாதுன்னுட்டாங்க, பன்னும் பிஸ்கட்டும் வாங்கி வெச்சிருந்தேன். மேடம் மட்டும் பூஜை போட லேப்புக்கு வந்தாங்க. ஒவ்வொரு மானிட்டருக்கும் சந்தனம், குங்குமம், சி.பி.யூவுக்கு ஒரு பூ. ஊர் வழக்கம்தானே. மாடி லேப்பும் பூஜைக்குத் திறந்திருந்துச்சு, நான் அங்க இருந்தேன். சும்மா. வித்தகியைப் பட்டன் அழுத்திக் கூப்பிட்டாங்க. “இன்னிக்கு உனக்கும் படையல் வெச்சிருக்கேன். நாலாம் நம்பர் மெஷின் முன்னாடி. எறும்பு வர்றதுக்குள்ள யாராவது எடுத்தாத் தேவலை. நான் கிளம்பறேன். சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கு.”

இதை எதுக்கு புரோகிராம்கிட்ட சொல்லணும்? நான் கீழ போய்ப் பார்த்தேன். படையல்னா என்ன வெப்பாங்க? பொரி, கடலை, ரெண்டு பழம். அங்க என்ன இருந்துச்சு தெரியுமா? வாழை இலையில எலுமிச்சம்பழச் சாதம், சுண்டல், அப்பளம், ஒரு டம்ளர் பாயசம் மூடி போட்டு, ஓரத்துல ஊறுகாய். கம்ப்யூட்டருக்கு எதுக்கு அக்கா ஊறுகாய்? நான் அந்த நாற்காலியில உட்கார்ந்து அழுதுக்கிட்டே சாப்பிட்டேன். சிரிச்சு, சிரிச்சு. கண்ணுல தண்ணி வர்ற மாதிரி சிரிப்பு வரும்ல, அது.

அதுக்கப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் படையல். “எந்திரத்துக்கு வெள்ளிக்கிழமை விடக் கூடாது”ன்னு புதுசா ஒரு சாஸ்திரம். ஒரு தரம் புளியோதரை. அடுத்த திங்கள் நான் வித்தகி குரல்ல தைரியமா, “சென்ற படையலில் காரம் சற்று மிகுதி” அப்படின்னேன். அவ்வளவுதான், மாட்டிக்கிட்டோம்னு நினைச்சேன். மேடம், “அப்படியா, மிளகாய் புதுசு”ன்னாங்க. அடுத்த வெள்ளிக்கிழமை காரம் குறைஞ்சிருச்சு! புரோகிராமுக்கு நாக்கு இருக்கான்னுகூட ஒரு மனுஷிக்குத் தோணலையே. இப்படி ஒரு ஆளை நான் வாழ்க்கையில பார்த்ததில்ல.

நேர்ல பார்த்தா மட்டும் அதே கரகரப்பு. வராண்டாவுல எதிர்ல வந்தேன்னா, “ஏய், துப்பட்டாவைப் பின் பண்ணு. தலையை வார மாட்டியா?” நான் மனசுக்குள்ள, இரு இரு, ஒரு மணிக்கு என்கிட்டதானே வரப் போறேன்னு சொல்லிக்குவேன்.

கார்த்திகை மாசம் எனக்குக் காய்ச்சல் வந்துச்சு. மூணு நாள் ஹாஸ்டல் ரூமை விட்டு எந்திரிக்கல. வித்தகி மூணு நாள் ஊமை. மேடம் என்ன பண்ணியிருப்பாங்கன்னு நினைக்கிறீங்க? புரோகிராம் கெட்டுப் போச்சுன்னு விட்டிருப்பாங்க, இல்லையா? அந்த வாரம் பார்த்து அவங்களுக்கு ஸ்டாக் வெரிஃபிகேஷன் வந்துச்சு. ஹாஸ்டல்ல இருக்கிற கம்ப்யூட்டரை எண்ணணும்னு வந்தாங்க. ஹாஸ்டல்ல இருக்கிறதே வார்டன் ரூம்ல ஒண்ணு. அதை எண்ணிட்டு என் ரூமுக்கு வந்தாங்க. ஒரு பிளக் பாயிண்டு மட்டும் இருக்கிற ரூமுக்கு! மேல பார்த்தாங்க, கீழ பார்த்தாங்க, காலியாக் கிடந்த மூணு கட்டிலைப் பார்த்தாங்க. என் நெத்தியில கையை வெச்சு, “சுடுதே”ன்னாங்க. ரிஜிஸ்டர்ல ஏதோ எழுதுனாங்க. போயிட்டாங்க. போகும்போது ஃபிளாஸ்க்கை மறந்து வெச்சுட்டாங்க, உள்ள கஞ்சி. மாத்திரை அட்டையும் மறந்துட்டாங்க. அவ்வளவு மறதி. அந்தக் கையி... ரொம்ப நேரம் குளுகுளுன்னு இருந்துச்சு நெத்தியில.

ஆலங்குடி போயாச்சா? பேச்சுல தெரியவேயில்ல.

போன மாசம் மேடத்துக்கு டிரான்ஸ்ஃபர் வந்துடுச்சு. சொந்த ஊர்ப் பக்கமே. நல்லதுதான், பூனையைப் பார்த்துக்கலாம். கடைசி நாள் ஒரு மணிக்கு வித்தகியைக் கூப்பிட்டாங்க. டப்பாவை மூடி வைக்கிற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், “நான் கிளம்பறேன் வித்தகி. எழுதிக்கோ. கீரமங்கலம் தாண்டி மூணாவது ஸ்டாப்பிங், கைகாட்டி. இறங்கி வலது கைப் பக்கம் ரோடு, தண்ணித் தொட்டி தாண்டி நாலாவது வீடு, வாசல்ல பவழமல்லி.” மூணு தரம் சொன்னாங்க. “பொங்கலுக்கு வந்துடு. போகி அன்னிக்கே வந்துடு. ஹாஸ்டல் ஆறு நாள் மூடிடுவாங்க இல்ல.” லேப் மூடிடுவாங்கன்னு சொல்ல வந்து வாய் தவறி ஹாஸ்டல்னுட்டாங்க, பாவம், கலக்கத்துல. நான் சொன்னேன், “நான் பயணம் செய்ய இயலாதவள்.” மேடம், “வர முடியும்னு தோணுச்சுன்னா வா”ன்னாங்க. பட்டனை விடுற சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறம் மாடியில நான் ஹெட்போனைக் கழட்டாம அப்படியே உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம்னு தெரியல.

புது இன்சார்ஜ் வந்துட்டார். அவர் மத்தியானம் கேன்டீனுக்குப் போயிடுவார்.

இப்ப சிரிப்புக்கு வந்துட்டோம். இன்னிக்கு போகி. நான் எங்க போறேன்? தண்ணித் தொட்டி தாண்டி நாலாவது வீடு! வாசல்ல நின்னு கதவுக்கு வெளிய இருந்து அந்தக் குரல்ல விடுவேன், “வணக்கம். நான் வித்தகி. தங்கள் அழைப்பின்பேரில் வந்துள்ளேன்.” கம்ப்யூட்டர் நடந்து வந்துடுச்சுன்னு மேடம் மயக்கம் போட்டு விழணும். அப்புறம் கதவு திறக்கும், நான் நிப்பேன். அந்த மூஞ்சியைப் பார்க்கணும் அக்கா. அஞ்சு மாசம் ஏமாத்துனதுக்கு அந்த ஒரு மூஞ்சிதான் கூலி.

என்ன யோசிக்கிறீங்க? சிரிக்க மாட்டாங்கன்னா?

அதுவும் இருக்கு. பெனிட்டா மாதிரி ஆயிட்டா? நான் இதை நேத்தே யோசிச்சுட்டேன். சொல்லிட்டேன்னா வித்தகி அவ்வளவுதான், போயிடுவா. அதுக்கப்புறம் மேடம் யாரோட பேசுவாங்க? அவங்களுக்கு வேற யாரும் இல்ல. பூனைகிட்டயும் தையல் மெஷின்கிட்டயுமா பேசுவாங்க? கதவைச் சாத்திட்டாங்கன்னா நாலு மணிக்குத் திரும்பற வண்டி இருக்கு. ஹாஸ்டலைத்தான் காலையிலயே பூட்டிட்டாங்க. பரவாயில்ல, புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல லேடீஸ் வெயிட்டிங் ரூம் நல்லாவே இருக்கும். மாமா வீட்டுக்கும் போகலாம், போகணும்னா. மாத்தி ஒரு துணி எடுத்து வெச்சிருக்கேன். மூணு. மூணு துணி எடுத்து வெச்சிருக்கேன்.

சரி, விடுங்க. உங்களுக்கு அந்தக் குரல் எப்படின்னு காட்டவே இல்லையே! வாயால காட்டுறதை விட வித்தகி வழியாவே கேளுங்க. லேப்டாப் பையில இருக்கு, ஸ்கூல்ல குடுத்தது. கூடையைக் கொஞ்சம் பிடிங்க. இதுல ரெண்டு பக்கம் இருக்கு, விண்டோஸ் ஒரு பக்கம், லினக்ஸ் ஒரு பக்கம். நான் எப்பவும் விண்டோஸ்தான். நேத்துலேர்ந்து அது திறக்க மாட்டேங்குது, சுத்திக்கிட்டே கிடக்கு. அதனால என்ன? நம்ம டூல்கிட்தான் எல்லா ஊர்லயும் ஓடுமே. லினக்ஸ்லயே காட்டுறேன். மேடம் பார்க்கிற ஜன்னலை நான் லினக்ஸ்ல திறந்ததேயில்ல, இப்பத்தான் முதல் தரம்.

இங்க ஐக்கான் எல்லாம் இல்ல. இந்தக் கறுப்பு ஜன்னல்ல பேரைத் தட்டணும். மேடமும் எதையும் இப்படித் தட்டித் தட்டித்தான் திறப்பாங்க, ஐக்கானை அழுத்தத் தெரியாது பாவம். ம்... வித்தகி... என்டர். வந்துடுச்சு பார்த்தீங்களா! இது மேடம் பார்க்கிற ஜன்னல். பச்சைப் பட்டன் எவ்வளவு அழகு. இதுக்குப் பின்னாடி கறுப்பு ஜன்னல் அப்படியே நிக்கும், அது ஒண்ணும் பண்ணாது. இது நான் பேசுற ஜன்னல். பக்கத்துல பக்கத்துல வெச்சுக்கிறேன். கேளுங்க.

“வணக்கம். நான் வித்தகி. தாங்கள் நலமா?”

எப்படி? ரேடியோ மாதிரி இருக்கா? இன்னொரு தரம்...

இருங்க.

அந்தக் கறுப்பு ஜன்னல்ல ஏதோ வந்துச்சே. உங்களுக்குத் தெரியுதா? வெள்ளை எழுத்துல. இங்கிலீஷ்ல. ‘குரல் வந்தது, அனுப்பியது செம்மலர்.’

இது... இது நான் எழுதுன வரிதான். முதல் வாரத்துல லைன் சரியாப் போகுதான்னு பார்க்கப் போட்டது. யார் லாகின்ல இருந்து வருதோ அந்தப் பேரைக் காட்டும். எடுக்கணும்னு நினைச்சேன். ஆனா எங்கயும் வரலையே, மாடியில நான் திறந்து திறந்து பார்த்தப்ப எதுவும் வந்ததேயில்லையே. விண்டோஸ்ல இந்தக் கறுப்பு ஜன்னல் கிடையாது, அதனால வராது. அதனால எனக்குத் தெரியல. லினக்ஸ்ல தட்டித் திறந்தா...

“வணக்கம்.”

மறுபடி வருது. ஒரு தரம் பேசுனா ஒரு வரி. ஒவ்வொரு தரமும். செம்மலர். செம்மலர். மேடம் தட்டித்தான் திறப்பாங்க, அக்கா. முதல் நாளே தட்டித்தான் திறந்திருப்பாங்க. பிரிண்டர்ல பேப்பர் சிக்குன அன்னிக்கே. அந்த ஒரு நிமிஷம் சத்தமே இல்லாம இருந்துச்சே... அப்ப இதைப் படிச்சுக்கிட்டிருந்தாங்களா? படிச்சுட்டுத்தான் கெட்டிக்காரியோன்னு...

அஞ்சு மாசம், அக்கா. அஞ்சு மாசமும் அவங்களுக்கு...

வண்டி ஏன் நிக்குது? எதிர்ல வர்ற வண்டிக்காரர் ஏதோ சொல்றாரு நம்ம டிரைவர்கிட்ட. கண்டக்டர் இங்க வர்றாரே. ஐயோ, அந்த ‘ரைட்’ விஷயம் தெரிஞ்சுபோச்சா?

“ஏம்மா, இந்த வண்டியில செம்மலருன்னு யாரு? கைகாட்டியில ஒரு மேடம் காலையிலேர்ந்து வர்ற வண்டியை எல்லாம் நிறுத்தி ஏறிப் பார்க்குதாம். காலேஜ்ல படிக்கிற புள்ளையாம், வழி தெரியாம தாண்டிப் போயிடப் போகுது, இறக்கி விடுங்கன்னு அந்த வண்டிக்காரன்கிட்ட சொல்லி விட்டிருக்கு. யாருங்க செம்மலரு?”

இல்ல அக்கா, இது நான் பேசல. நிஜமாவே கண்டக்டர்தான்.

அக்கா, நான்தான்னு நீங்க சொல்லுங்களேன். எனக்கு எந்தக் குரலும் வர மாட்டேங்குது.